கழுத்து உச்சியில் திருகாணி: தமனியின் பாதையை முதலில் பார்ப்பது ஏன்?

வயதான ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்திருக்கிறது. முதல் எலும்பையும் இரண்டாவதையும் திருகாணி போட்டு இணைக்க வேண்டும்" என்கிறார் மருத்துவர். அன்று மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கருத்து வந்துவிடும். கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விளங்காது என்பார் ஒருவர். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அங்கேதான் இருக்கிறது, அது அறுந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்பார் இன்னொருவர். இப்போது எல்லாவற்றையும் கணினித் திரையில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள், ஆபத்தே கிடையாது என்று மூன்றாமவர் தைரியம் சொல்வார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றுமே அரைகுறை. கை கால் விளங்காமல் போவது தண்டுவடம் சம்பந்தப்பட்ட அச்சம். தண்டுவடம் எலும்புகளின் நடுவிலுள்ள குழிக்குள் இறங்குகிறது. இரத்தக்குழாய் பற்றிய அச்சம் வேறு. அந்தக் குழாய் எலும்பின் இரு பக்கங்களில் ஓடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இரத்தக்குழாயைப் பற்றியது. அதைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி அறுவை நாளுக்கு முன்பே, படத்தைப் பார்த்து அளவெடுக்கும் மேசையில் முடிந்துவிடுகிறது. இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சுவருக்குள் மறைந்திருக்கும் குழாய்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றில், மேலும் கீழுமாக உள்ள வீடுகளுக்கு ஒரே வரைபடம்தான். ஆனால் பத்தாவது மாடி வீட்டை முன்பு வைத்திருந்தவர் சமையலறையைப் புதுப்பித்தபோது தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் வேறு வழியாகத் திருப்பியிருக்கலாம். வெளியே பூச்சும் ஓடும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்பதாவது மாடியில் துளை போட்ட அதே இடத்தில் பத்தாவது மாடியிலும் துளைத்தால் தண்ணீர் பீறிடும். சுவரில் குறையில்லை, துளைத்தவர் கையிலும் குறையில்லை. குழாய் எங்கே போகிறது என்று அந்த வீட்டுக்கென்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கழுத்து உச்சியிலும் இதே கதைதான். எலும்புகளின் பொது வடிவம் எல்லோருக்கும் ஒன்று. அவற்றின் ஊடே செல்லும் தமனியின் பாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே ஆளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட மாறுகின்றன.

இரண்டு தமனிகளின் பயணம்

தமனி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய். மூளைக்கு நான்கு பெரிய தமனிகள் போகின்றன. கழுத்தின் முன்பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி, அது இரண்டு. பின்பக்கமாக எலும்புக்குள் நுழைந்து செல்பவை முள்ளெலும்புத் தமனிகள், அவையும் இரண்டு. மருத்துவர்கள் வெர்ட்டிபிரல் ஆர்ட்டரி என்று சொல்வது இதைத்தான்.

மார்பின் மேற்பகுதியில், கைக்குச் செல்லும் பெரிய தமனியிலிருந்து இது கிளைக்கிறது. கழுத்தெலும்புகளை மேலிருந்து கீழாகச் சி1 முதல் சி7 வரை எண்ணுவார்கள். ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. அதைப் பக்கத்துளை என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமனி சி6-இன் பக்கத்துளையில் நுழைந்து, ஏறக்குறைய நேராக மேலேறுகிறது. மண்டைக்குள் போனதும் வலதும் இடதும் ஒன்றுசேர்ந்து பேசிலார் என்ற ஒரே தமனியாகிறது. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வையைக் கவனிக்கும் மூளையின் பின்பகுதி ஆகியவை இந்த வழியாக வரும் இரத்தத்தை நம்பியிருக்கின்றன. விழுங்குவது, மூச்சு, சமநிலை, விழித்திருப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் மூளைத்தண்டு வேண்டும். அந்தக் குழாய்மேல் இத்தனை பயம் வருவது நியாயமே.

நேராக வந்த தமனி ஏன் திடீரென்று வளைகிறது?

மண்டையைத் தாங்கும் சி1 எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். அது ஒரு வளையம். அதன் இரு பக்கங்களிலும் தடித்த பகுதி உண்டு. அதைப் பக்கத்திரள் என்போம். மண்டையின் எடை அதன்மேல்தான் இறங்குகிறது. அடுத்துள்ள சி2 எலும்புக்கு ஆக்ஸிஸ் என்று பெயர். அதிலிருந்து ஒரு முளை மேல்நோக்கிப் போய் சி1 வளையத்துக்குள் நிற்கிறது. நீங்கள் தலையை இடமும் வலமும் திருப்பும்போது, அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

இவ்வளவு அசையும் இடத்தில் குழாய் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இழுபடும். அதனால் இயற்கை அங்கே கூடுதல் நீளம் விட்டிருக்கிறது. சி2-விலிருந்து வெளிவந்த தமனி பக்கவாட்டில் ஒதுங்கி, சற்றுத் தள்ளியிருக்கும் சி1-இன் பக்கத்துளையில் ஏறுகிறது. பிறகு பின்னோக்கி வளைந்து, சி1 வளையத்தின் பின்வளைவு மேல் ஒரு பள்ளத்தில் படுத்துச் சென்று, மண்டைக்குள் நுழைகிறது.

இந்த வளைவுகள் இருக்கும் அதே சில சென்டிமீட்டர் இடம்தான் திருகாணி போடவேண்டிய இடமும். முறிந்த சி2 முளை, முடக்குவாதத்தால் தளர்ந்த தசைநார், பிறவியிலேயே ஒட்டாமல் இருக்கும் முளை, காசநோய் அரித்த எலும்பு என்று காரணம் எதுவானாலும் சி1, சி2 இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் தண்டுவடம் நசுங்கும். அதைத் தடுக்கவே அவற்றை இணைக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: இரண்டு தமனிகள் எலும்புத் துளைகள் வழியே ஏறி மண்டைக்குள் ஒன்றாகின்றன. கடைசி இரண்டு எலும்புகளில் அவை வளைந்து நெளிகின்றன. திருகாணியும் அங்கேதான் போகவேண்டும்.

சி2-வில் உயரமாக ஏறும் தமனி

மாறுபாடுகளில் நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சி2 எலும்பில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகலான எலும்புப் பகுதி ஒன்று உண்டு. அதற்குப் பார்ஸ் என்று பெயர். திருகாணிக்கு நல்ல பிடி கிடைக்கும் இடம் அது. அதற்கு அடியிலும் வெளிப்பக்கத்திலும் தமனி ஒரு குடைவுக்குள் ஓடுகிறது. சிலருக்கு அந்தக் குடைவு வழக்கத்தைவிட உயரமாகவும் உட்பக்கமாகவும் ஏறிவிடும். குடைவு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பார்ஸ் மெலிகிறது. இதை ஹை-ரைடிங் வெர்ட்டிபிரல் ஆர்ட்டரி என்பார்கள். நாம் உயர்ந்தேறும் தமனி என்போம்.

கண்ணளவில் "உயரம்" என்று சொல்லிவிட முடியாது, அளவு உண்டு. தண்டுவடக் குழியின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. வெளியே தள்ளி, பக்கவாட்டு வெட்டுப் படத்தில் அளக்கிறார்கள். அங்கே பார்ஸின் உயரம் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது தமனித் துளையின் கூரைக்கும் மேல் மூட்டுப் பரப்புக்கும் இடையே உள்ள எலும்பு 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால், அது உயர்ந்தேறும் தமனி. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும் பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை, குறைந்தது ஒரு பக்கத்திலாவது இது காணப்படுகிறது. அரிதான ஒன்று என்று ஒதுக்கிவிட முடியாது.

5 மி.மீ. என்ற எல்லைக்குக் காரணம் எளிய கணக்கு. வழக்கமான திருகாணியின் தடிப்பு 3.5 மி.மீ. 5 மி.மீ. எலும்பின் சரியான நடுவில் அது போனால்கூட இரண்டு பக்கமும் முக்கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். துளைக்கருவி சற்றுச் சரிந்தாலே எலும்புச் சுவரைத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் தமனி. இங்கே கைத்திறன் மட்டும் காப்பாற்றாது. அந்த வழியே திருகாணி போடலாமா என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

சி1-இல் ஏமாற்றும் எலும்பு

சி1-இன் பின்வளைவு மேல் தமனி ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும் என்று சொன்னோம். சிலருக்கு அந்தப் பள்ளத்தின் மேலே ஒரு எலும்பு வளைவு வளர்ந்து, பள்ளத்தை மூடிவிடும். பான்டிகுலஸ் போஸ்டிகஸ் என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு முழுதாகவோ பாதியாகவோ இது இருக்கிறது.

பின்புறத்திலிருந்து பார்க்கும் அறுவை நிபுணருக்கு அந்த இடத்தில் சி1 நல்ல அகலமான, தடித்த எலும்பாகத் தெரியும். மெலிந்த பின்வளைவைவிட இங்கே துளைத்தால் பிடி உறுதியாக இருக்குமே என்று தோன்றும். உள்ளே இருப்பதோ, எலும்பால் மூடப்பட்ட தமனி. பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே இந்த வளைவு பெரும்பாலும் தெரியும். ஆனால் அதைத் தேடிப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

இன்னும் அரிதான மாறுபாடுகள் மூன்று. ஒவ்வொன்றும் நூறில் ஒரு சிலருக்குத்தான். சிலருக்குத் தமனி சி1-இன் பக்கத்துளைக்குள் போகாமல், சி1 வளைவுக்குக் கீழேயே உட்பக்கம் திரும்பித் தண்டுவடக் குழிக்குள் நுழைந்துவிடும். வேறு சிலருக்கு அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று சி1-க்கு மேலும் ஒன்று கீழும் சென்று மறுபடி சேரும். சிறுமூளையின் அடிப்பகுதிக்குப் போகும் பைக்கா என்ற கிளை வழக்கமாக மண்டைக்குள் கிளைக்கும்; சிலருக்கு அது கழுத்திலேயே கிளைத்துவிடும். மூன்றிலும் சிக்கல் ஒன்றே. சி1 திருகாணிக்கு இடம்தேடி, வளைவுக்குக் கீழே தசையை விலக்கும் அதே இடத்தில், எதிர்பாராமல் ஒரு தமனி குறுக்கே கிடக்கும். வெறும் எலும்புப் படத்தில் இது தெரியாது. மண்டையோடு ஒட்டிப் பிறந்த சி1, தனியாக நிற்கும் முளை, டவுன் சின்ட்ரோம் போன்ற பிறவி நிலைகள் உள்ளவர்களிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. இணைப்பு அறுவை தேவைப்படுவோரில் கணிசமானோர் இவர்களே என்பதால், பொதுமக்களிடம் உள்ள விகிதத்தை வைத்து இங்கே நிம்மதி அடையக்கூடாது.

சுருக்கினால், சி2-வில் தமனி உயர்ந்தேறினால் திருகாணிக்கு இடம் குறைகிறது. சி1-இல் எலும்பு தமனியை மறைக்கலாம், அல்லது தமனி வேறு வழியில் போகலாம். இவை எதுவும் நோயல்ல. திருகாணி போட நேரும்போதுதான் பொருட்படுத்த வேண்டியவை.

"வலது தமனி சிறியது" என்று அறிக்கை வந்தால்

தலைசுற்றலுக்காகப் பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, எம்ஆர்ஐ எடுத்தவர்கள் பலர் இந்த வரியைப் படித்துக் கலங்கிப்போகிறார்கள். ஹைப்போபிளாஸ்டிக் என்று எழுதியிருக்கும். இரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, அடைப்பு வரப்போகிறது என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

அந்தச் சொல் குறிப்பது, பிறவியிலேயே மெலிதாக அமைந்த குழாயை. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இடது தமனி பெரிது, கால்வாசிப் பேருக்கு வலது பெரிது, மீதிப் பேருக்குத்தான் இரண்டும் சமம். ஒன்று சிறியதாக இருந்தால் மற்றது அதற்கேற்பப் பெரிதாக இருக்கும். இரண்டும் மேலே சேர்ந்துவிடுவதால் மூளைக்கு இரத்தம் போய்ச் சேர்ந்துவிடும். பிறவி மெலிவா, பின்னால் வந்த நோயா என்று பிரித்தறிய மருத்துவர்கள் பார்க்கும் ஒரு தடயம் பக்கத்துளை. தமனியும் மெலிது, அது செல்லும் எலும்புத் துளையும் சிறியது என்றால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். துளை பெரிதாக இருந்து குழாய் மட்டும் மெலிந்திருந்தால், சுவர் கிழிசலோ அடைப்போ என்று தொடர்ந்து ஆராய வேண்டும்.

ஆனால் அறுவைக்குத் திட்டமிடும்போது இதே சாதாரண வரி மிக முக்கியமானதாகிவிடுகிறது. வலது தமனி மெலிது, அது பைக்கா கிளையோடு முடிந்துவிடுகிறது, மேலே சேரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளின் மூளைத்தண்டு முழுவதும் இடது தமனியை மட்டுமே நம்பியிருக்கிறது. அங்கே இடது பக்கத்தில் ஏற்படும் காயமும் வலது பக்கத்தில் ஏற்படும் காயமும் ஒன்றல்ல.

ஒன்று அறுந்தால் உயிர் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. சி1, சி2 மூட்டைக் குறுக்கே துளைத்து இணைக்கும் மெகர்ல் முறை பற்றி அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 1998-இல் வெளிவந்தது. 1,318 நோயாளிகள். உறுதியானதும் சந்தேகிக்கப்பட்டதும் சேர்த்துத் தமனிக் காயம் நோயாளிக்கு 4.1 விழுக்காடு, ஒரு திருகாணிக்கு 2.2 விழுக்காடு. காயத்தால் நரம்பியல் பாதிப்பு வந்தது 0.2 விழுக்காட்டினருக்கு, உயிரிழப்பு 0.1 விழுக்காடு.

இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். காயம் பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் தப்பினார்கள். மறுபக்கத் தமனி ஈடுகொடுத்தது. அதேசமயம் நூறில் நான்கு என்பது அலட்சியம் செய்யக்கூடிய எண்ணும் அல்ல. பெரிய தமனியிலோ ஒரே தமனியிலோ காயம் பட்டால், அல்லது இரு பக்கமும் பட்டால், சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் பக்கவாதம் வரும். அது கை கால் செயலிழப்பாக மட்டும் தெரியாது. கடுமையான தலைசுற்றல், நடை தள்ளாட்டம், விழுங்க முடியாமை, குரல் கம்முதல், முகத்தில் ஒரு பாதி மரத்துப்போதல் என்றும் வரலாம்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

"எம்ஆர்ஐ எடுத்தாச்சே, இன்னொரு ஸ்கேன் எதற்கு?" என்ற கேள்வி இயல்பானது, செலவும் சேர்கிறது. எம்ஆர்ஐ தண்டுவடத்தையும் தசைநார்களையும் நன்றாகக் காட்டும். எலும்புச் சுவரின் தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க அது போதாது. சாதாரண சிடி எலும்பைத் துல்லியமாகக் காட்டும், தமனியைக் காட்டாது. கையிலுள்ள சிரை (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்) வழியே அயோடின் கலந்த சாயமருந்தைச் செலுத்தி, அது தமனிகளில் ஓடும் நொடிகளில் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் இரண்டையும் ஒரே படத்தில் தருகிறது. வெட்டுகள் 1 மி.மீ. அல்லது அதைவிட மெலிதாக இருக்க வேண்டும். தடித்த வெட்டுகளில் 2 மி.மீ. எலும்பு காணாமலே போய்விடும்.

படத்தை எடுத்தால் மட்டும் போதாது, திருகாணி போகும் திசையிலேயே அதைத் திருப்பி வெட்டிப் பார்க்க வேண்டும். திருகாணியின் பாதை சாய்வானது. நேர்வெட்டுப் படத்தில் போதுமானதாகத் தெரியும் எலும்பு, சாய்வு வெட்டில் குறுகிப்போகலாம்.

சாயமருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சிறுநீரகக் கோளாறு, முன்பு சாயமருந்தால் வந்த ஒவ்வாமை, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது ஆகியவற்றை ஸ்கேன் எடுக்கும் முன்பே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். நம்மில் நீரிழிவுக்காரர்கள் நிறைய. இதை யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

திட்டம் எப்படி மாறுகிறது?

சி1-சி2 இணைப்புக்கு ஒரே வழி என்ற காலம் போய்விட்டது. கம்பியால் கட்டும் பழைய முறையில் பிடி குறைவு. மெகர்ல் திருகாணி உறுதியானது; ஆனால் பார்ஸை முழுநீளமும் கடந்து மேலே ஏறுவதால் தமனிக்கு மிக அருகில் போகும். மும்பையின் கேஇஎம் மருத்துவமனையைச் சேர்ந்த அதுல் கோயல் 1994-இல் வெளியிட்ட முறையில் சி1-க்கும் சி2-க்கும் தனித்தனித் திருகாணி போட்டுத் தகட்டால் இணைத்தார். ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸ் 2001-இல் அதையே தலை சுழலும் திருகாணியும் தண்டுமாக மாற்றினார். இன்று உலகெங்கும் பரவலாகச் செய்யப்படுவது இந்த வழிதான். இதன் பெரிய நன்மை, ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக முடிவெடுக்க முடிவது.

உயர்ந்தேறும் தமனி உள்ள பக்கத்தில் பார்ஸுக்குள் 14 முதல் 16 மி.மீ. நீளமுள்ள குட்டைத் திருகாணி போட்டு, தமனித் துளைக்கு முன்பே நிறுத்தலாம். அதற்கும் இடமில்லையென்றால் சி2-வின் பின்பக்கத் தட்டை எலும்பான பின்தகட்டுக்குள்ளேயே குறுக்காகத் திருகாணி செலுத்தலாம். தமனி அந்தப் பக்கமே வராது. இந்தப் பின்தகட்டு முறை 2004-இல் விவரிக்கப்பட்டது. அதற்கு விலையும் உண்டு: அந்த எலும்புத் தகடு போதிய தடிப்பில் இருக்க வேண்டும், உட்பக்கம் உடைந்தால் தண்டுவடக் குழிக்குள் போய்விடும். எதுவும் ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இணைப்பைச் சி3 வரை நீட்டலாம். கழுத்தசைவு இன்னும் கொஞ்சம் குறையும், தமனி பிழைக்கும். ஒரே தமனியை நம்பி வாழும் ஒருவருக்கு இது நல்ல பேரம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

சி1-இல் திருகாணி, பின்வளைவுக்குக் கீழே, அது பக்கத்திரளைச் சேரும் இடத்தில் நுழைகிறது. அங்கே தசையை விலக்கும்போது நடுக்கோட்டிலிருந்து பின்பரப்பில் 12 மி.மீ., மேல்விளிம்பில் 8 மி.மீ. தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு எல்லை என்று உடற்கூற்று அளவீடுகள் சொல்கின்றன. அதற்கு மேல் போகவேண்டியிருந்தால் திசுவைச் சூட்டால் வெட்டும் கருவியை விட்டுவிட்டு, மழுங்கிய கருவியால் எலும்பை ஒட்டியே மெல்ல விலக்குவார்கள். திருகாணி அதிக நீளமாக இருந்தாலும் ஆபத்து உண்டு: சி1-க்கு முன்னால் கரோட்டிட் தமனி நிற்கிறது.

திரைவழி வழிகாட்டிக் கருவிகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், அறுவையில் குப்புறப் படுத்திருக்கிறார். சி1-உம் சி2-உம் தளர்ந்துபோனதால்தான் அறுவையே நடக்கிறது; எனவே இரண்டுக்கும் இடையிலான நிலை மாறியிருக்கும். பழைய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டால் அது 2 மி.மீ. தவறாகச் சொல்லலாம், இங்கே அதுவே அதிகம். அதனால்தான் அறுவை மேசையிலேயே புதிதாக ஸ்கேன் எடுக்கிறார்கள். வழிகாட்டி சொல்வதை கண்ணால் பார்க்கும் எலும்போடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறார்கள்.

இரத்தம் பீறிட்டால்

சி1, சி2 நடுவே சிரைகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. அங்கே இரத்தம் கசிவது சாதாரணம். கருஞ்சிவப்பாக, ஒரே சீராக வரும். ஜெலட்டின் பஞ்சை வைத்துச் சற்று அழுத்திப் பொறுத்திருந்தால் அடங்கும். தமனி இரத்தம் வேறு. செக்கச்செவேல் என்று, துடிப்போடு வரும்.

அப்போது செய்யவேண்டியவற்றின் வரிசையை முன்பே பேசி வைத்திருப்பார்கள். முதலில் அழுத்தம். மயக்க மருத்துவருக்கு உடனே தகவல். இரத்த அழுத்தம் விழாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுபக்கத் தமனி வழியே மூளைக்கு இரத்தம் போகவேண்டும் என்பதால். துளைத்த ஓட்டையிலிருந்து வந்தால் அந்த ஓட்டையிலேயே மெழுகோ, குட்டைத் திருகாணியோ வைத்து அடைத்துவிடலாம். கண்மூடித்தனமாகக் கவ்வி போட்டால் பக்கத்திலுள்ள நரம்பு நசுங்கும்.

அடுத்ததுதான் மிக முக்கியமான விதி: மறுபக்கத்தில் தமனிக்கு ஆபத்தான திருகாணியைப் போடவே கூடாது. ஒரு பக்கம் காயம் பட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்; இரு பக்கமும் பட்டால் மூளைத்தண்டுக்கு வழியே இல்லாமல் போய்விடும். அங்கே பின்தகட்டுத் திருகாணியோ வேறு வழியோதான்.

இரத்தம் நின்றதோடு விஷயம் முடிவதில்லை. தமனிச் சுவரில் பட்ட காயம் சில நாட்களோ வாரங்களோ கழித்துப் பலூன்போல உப்பலாம், அல்லது அங்கே உறைந்த இரத்தத் துணுக்கு மூளைக்குப் போகலாம். அதனால் அறுவை முடிந்ததும் ஆஞ்சியோகிராம் எடுத்து, தேவையானால் தமனிக்குள் சுருள்கம்பியோ ஸ்டென்ட்டோ வைத்துச் சரிசெய்வார்கள்.

கையெழுத்திடும் முன்

ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கும்போது சில கேள்விகளை நேராகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் எவரும் முகம் சுளிக்கமாட்டார். சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தாயிற்றா? எந்தப் பக்கத் தமனி பெரிது? சி2-வில் திருகாணிக்கு இரு பக்கமும் இடம் இருக்கிறதா? இடமில்லாத பக்கத்துக்கு மாற்றுத் திட்டம் என்ன? ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால், தமிழ் பேசும் தாதி ஒருவர் உடனிருக்க முடியுமா என்று கேளுங்கள். அப்பாவோ அம்மாவோதான் நோயாளி என்றால், பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களிடமும் சொல்லுங்கள், கழுத்து அவர்களுடையது. இணைப்புக்குப் பிறகு தலையைத் திருப்புவதில் ஏறத்தாழ பாதி போய்விடும். சாலையைக் கடக்கும்போதும் வண்டி பின்னோக்கி எடுக்கும்போதும் உடலோடு சேர்த்துத் திரும்பவேண்டி வரும். இதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அறுவைக்கு வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடிவெட்டியபின் தலையைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்கும் பழக்கம் தேக்காவிலும் இருக்கிறது. அந்தத் திடீர்த் திருப்பத்தில் இழுபடுவது சி1, சி2-வில் வளைந்து செல்லும் இதே தமனிதான். உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முடக்குவாதமோ டவுன் சின்ட்ரோமோ உள்ளவர்களுக்கும், கழுத்தெலும்பு தளர்ந்திருப்பதாக முன்பே சொல்லப்பட்டவர்களுக்கும் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. கழுத்து முறுக்கிய பிறகு, இதுவரை வந்திராத மாதிரி பின்கழுத்தில் கடும் வலி, அதோடு தலைசுற்றல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை இவற்றில் ஏதாவது வந்தால் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். கழுத்தைத் திருப்பியது எப்போது, வலி தொடங்கியது எப்போது என்ற இரண்டு நேரங்களையும் வருபவர்களிடம் சொல்லுங்கள்.